மூன்று சுழிக்கு மூச்சுவிட இடம்

வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்கு ஒடுகத்தூர் வந்துபோகும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். பேருந்தில் உட்கார்ந்தபடியே கடைப் பலகைகளைப் படிப்பது அவர் வழக்கமாம். புது பிளெக்ஸ் பலகைகளில் எழுத்து முன்பைவிடப் பெரிது, தடிமனும் அதிகம்; ஆனாலும் படிக்க முடியவில்லையே, என் கண்ணில் கோளாறா என்று கேட்கிறார். கண்ணில் கோளாறு இல்லை. கோளாறு எழுத்தில்தான்.

புத்தகத்தின் உள்பக்க எழுத்துக்கும் தலைப்பெழுத்துக்கும் வேலை வேறு. உள்பக்க எழுத்து தன்னைக் காட்டிக்கொள்ளாமல் வாசகரை அழைத்துப்போக வேண்டும். தலைப்பெழுத்தோ தெருவில் போகிறவரைத் திரும்பிப் பார்க்கவைக்க வேண்டும். லண்டனில் 1803 வாக்கில் ராபர்ட் தோர்ன் என்ற எழுத்து வார்ப்பாளர் நெடுங்கோடுகளைப் பருக்கவைத்து, மெல்லிய கோடுகளை மயிரிழையாக விட்டு, முனைகளில் செரிஃப் என்னும் சிறு அடிக்கட்டு கொண்ட கொழுத்த எழுத்தைக் கொண்டுவந்தார். லாட்டரி விளம்பரங்களும் நாடகச் சுவரொட்டிகளும் அந்த வகையை உடனே பிடித்துக்கொண்டன. சிகாகோவின் ஆஸ்வால்ட் கூப்பர் வடிவமைத்து 1922இல் வெளியான 'கூப்பர் பிளாக்' முனைகளை உருட்டி மென்மையாக்கியது. நூறாண்டு கடந்தும் அது புழக்கத்தில் இருக்கிறது.

தமிழில் தலைப்பெழுத்தின் வலிமையை எல்லோருக்கும் காட்டியது தினத்தந்தி. 1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய அந்த நாளிதழ், எளிய சொற்களையும் பெரிய தலைப்புகளையும் தன் அடையாளமாக்கிக்கொண்டது. எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் டீக்கடை வாசலில் நின்று செய்தி தெரிந்துகொண்டார். தடித்த எழுத்து வெறும் அலங்காரம் அல்ல, படிப்பு குறைந்தவருக்கு அது ஒரு கைத்தாங்கல்.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கில 'எச்' எழுத்தில் இரண்டு தூண்கள், ஒரு குறுக்குக்கோடு, மீதி காலி இடம். தூண்களை எவ்வளவு பருக்கவைத்தாலும் அது 'எச்'தான். நம் மூன்று சுழி 'ண' அப்படியல்ல. சுழிகளும் வளைவுகளும் கால்களும் ஒரே எழுத்துக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஓலையில் எழுத்தாணியால் கீறிய காலத்தில் கோட்டுக்குப் பருமன் என்பதே கிடையாது. எழுத்துக்கு எழுத்து வேறுபாடு காட்டியது சுழியும் வளைவும்தான். அந்தச் சுழி அடைபட்டால் எழுத்தின் அடையாளமே போய்விடும். 'மணி ஸ்டோர்ஸ்' தொலைவிலிருந்து 'மனி ஸ்டோர்ஸ்' ஆகிவிடும். 'கெ'யையும் 'கே'யையும் பிரிப்பதும் கொம்பில் உள்ள ஒரு சுழிதான். மெய்யெழுத்தின் புள்ளி கீழே இறங்கி எழுத்தோடு ஒட்டினால் 'ட்' என்பது 'ட' ஆகிவிடும்.

என் அம்மா முறுக்கு சுற்றும்போது, தடித்த துளையுள்ள அச்சைப் போட்டால் வட்டத்தையும் பெரிதாகச் சுற்றுவார். சின்ன வட்டத்துக்குள் தடித்த மாவைச் சுற்றினால் இடைவெளி அடைத்துக்கொள்ளும், எண்ணெய் உள்ளே போகாது. எழுத்துக்கும் இதே கணக்குதான்.

ஆகவே நல்ல தடித்த தமிழ் எழுத்தை வடிவமைப்பவர் மெல்லிய எழுத்தை ஊதிப் பெரிதாக்குவதில்லை, புதிதாகவே வரைகிறார். 'ண', 'ஞ', 'இ' போன்றவற்றை அகலப்படுத்துகிறார். கோடுகள் நெருங்கும் இடத்தில் அவற்றை மெலியவைக்கிறார், வெளிவிளிம்பில் பருமன் சேர்க்கிறார். 'ட', 'ப' போன்றவற்றில் இடம் தாராளம். அங்கே கோட்டை நன்றாகப் பருக்கவைக்கலாம். 'பட்டணம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கோட்டையும் ஒரே அளவு பருக்கவைத்தால் 'ட்ட' வெளிறி நிற்கும், 'ண' மைத்திட்டாகும். ஒவ்வோர் எழுத்துக்கும் கோட்டின் பருமனைத் தனித்தனியே கூட்டிக் குறைத்தால்தான் சொல் முழுக்க ஒரே கருமையாகத் தெரியும்.

நம் ஊர்ப் பெயின்டர்கள் இதைக் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள். சாக்குக்கட்டியால் இரண்டு கோடு போட்டு, எந்த எழுத்துக்கு எவ்வளவு அகலம் என்று முதலில் பிரித்துக்கொண்டு, அப்புறம்தான் தட்டை பிரஷைத் தொடுவார்கள். ஓவியர் ஆதிமூலம் (1938-2008) புத்தகத் தலைப்புகளுக்கு வரைந்த எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். மையின் கனத்துக்கு ஈடாக வெள்ளை இடத்தையும் அவர் வரைந்திருப்பது தெரியும்.

இன்று அந்த வேலையை ஒரு பொத்தானிடம் விட்டுவிட்டோம். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவில் 'போல்டு' பொத்தானை அழுத்தினால், கணினி எல்லாக் கோட்டையும் கண்மூடித்தனமாகப் பருக்கவைக்கிறது. போதாததற்கு வெளிக்கோடு ஒன்று, அதற்கு நிழல் ஒன்று, பலகையில் அடங்க வேண்டும் என்று பக்கவாட்டில் ஒரு நசுக்கல். சுழி எங்கே பிழைக்கும்? நல்ல எழுத்துரு கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 'நோட்டோ செரிஃப் தமிழ்' இலவசமாகவே கிடைக்கிறது, மிக மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது பருமன்களில். குறை நம் அக்கறையில்தான்.

மலைக் கிராமத்திலிருந்து இறங்கிவந்து, பலகையைப் பார்த்து மருந்துக்கடையையோ மருத்துவரையோ தேடுகிறவருக்கு எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். அது அவருக்குச் செய்யும் மரியாதை. பலகை அடிக்கக் கொடுக்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாதிரியைச் செல்போன் திரையில் மட்டும் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். ஒரு தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். 'ண'வின் மூன்று சுழியும் தனித்தனியாகத் தெரிந்தால் பணம் கொடுங்கள். தெரியாவிட்டால் வேறு எழுத்து கேளுங்கள்.