கடற்கரையில் குதிரைச் சவாரி

சென்னை மெரினாக் கடற்கரையில் மாலைவேளைகளில் சிறுவர் குதிரையேறி உலாவுதலைக் காணலாம். குதிரைக்காரர் கயிற்றைப் பற்றிக்கொண்டு உடன் நடப்பார். அலை வந்து மீண்ட ஈரமணல்மீது குதிரையைச் செலுத்துவதே நன்று. அதன் காரணம் யாது?

குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே விரலை ஊன்றி நடக்கும் விலங்கு; குளம்பு அவ்விரலின் நகமேயாகும். உலர்ந்த மணலில் குளம்பு புதையும். அதனை எடுத்தெடுத்து வைப்பதால் தசைநார்கள் வருந்தும். ஈரமணலிலோ, மணல்மணிகளுக்கு இடையேயுள்ள சிறிதளவு நீர் அவற்றைப் பிணித்து நிற்பதால் தரை உறுதியாயிருக்கும். நீர் மிகுந்தால் அப்பிணிப்பு நெகிழும்.

மேலும், குதிரையும் நம்மைப்போல் வியர்த்தே உடல்வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. ஆதலின், கடும்வெயிலில் சவாரி தகாது. சவாரி முடிந்ததும் அதற்கு நிழலும் நன்னீரும் அளித்தல் வேண்டும். நம்மைச் சுமக்கும் உயிர் தன் வருத்தத்தை வாய்விட்டு உரையாது. நாமே அறிந்து நடத்தல் கடமையாகும்.