நியமனக் கடிதத்தில் யார் பெயர்?

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வழங்கும்போது பள்ளியிலேயே வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும் செய்து தருகிறோம். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்லி அனுப்புகிறோம். ஒரு காலத்தில் அந்தப் பதிவு மூப்பை நம்பித்தான் பல குடும்பங்கள் காத்திருந்தன. இன்று நம் பிள்ளைகள் பலருக்கு முதல் வேலை அந்த வழியில் வருவதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஆள் எடுப்பதாக வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. நேர்காணல் முடிந்த கையோடு விடுதியில் இடமும் கிடைத்துவிடுகிறது.

இந்த வேகத்தில் அவர்கள் கவனிக்காமல் விடுவது, யாரிடம் வேலைக்குச் சேர்ந்தோம் என்பதைத்தான். கேட்டால் தொழிற்சாலை வாசலில் உள்ள பெயரைச் சொல்வார்கள். கடிதத்திலோ ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். சம்பளம் நின்றால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் கடிதத்தில் உள்ளவரே. கடிதமே தராத இடங்களும் உண்டு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. ஆகவே தயங்காமல் கேட்கலாம்.

கடிதத்தில் 'அப்ரண்டிஸ்' என்ற சொல் இருந்தால் நிதானமாக வாசிக்க வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில் பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்லர். அவருக்குக் கிடைப்பது உதவித்தொகை. ஐ.டி.ஐ. முடித்தவருக்கு இது நல்ல தொடக்கம்தான். ஆனால் நிரந்தர வேலை என்று நம்பி வீட்டில் கடன் வாங்கிவிட்டால் பயிற்சிக்காலம் முடியும்போது தவிக்க நேரும்.

தொழிலாளராகச் சேர்ந்தவர் சம்பளச் சீட்டைப் பார்க்கப் பழக வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் உள்ளவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளர் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். 16,000 ரூபாய் ஊதியத்தில் பிடித்தம் 120 ரூபாய், நிறுவனம் செலுத்த வேண்டியது 520 ரூபாய். எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்துக்கு இதைவிட நல்ல கணக்கு எங்கே கிடைக்கும்? வருங்கால வைப்பு நிதிக்குரிய 12 இலக்க யு.ஏ.என். எண் வேலை மாறினாலும் மாறாது. அதைக் குறித்து வைக்காமல் வேலையை விட்டு வந்தவர்கள் சேர்ந்த பணத்தை எடுக்க அலைகிறார்கள்.

துணிக்கடை, நகைக்கடைக்குப் போகும் மாணவிகளுக்கு இன்னும் இரண்டு செய்திகள். விற்பனைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும்.

அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் முகவர்களிடம் நகலை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். தமிழ்ப் பாடவேளையில் விண்ணப்பம் எழுதக் கற்றுத் தருகிறோம் அல்லவா? அதே பாடவேளையில், பெயர்களை மறைத்த நியமனக் கடிதம் ஒன்றைக் கொடுத்து, 'வேலை தருபவர் யார், ஊதியம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு?' என்று கேட்டுப் பார்க்கலாம்.