கோடும் முகமும் – 6: கறுப்பைக் கறுப்பாக வரைவது

உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் நட்டநடுவில் இருக்கிறது கண். பெரியவர்களில் யாரை அளந்தாலும் ஏறத்தாழ இதுதான் கணக்கு. ஆனால் வரையப் பழகுகிறவர்களின் தாளில் கண் எப்போதும் மேலே ஏறி, நெற்றியை ஒட்டி நிற்கும். பேசும்போது நாம் பார்ப்பது எதிராளியின் கண்ணையும் வாயையும்தான். மண்டை எவ்வளவு உயரம் என்று யார் பார்க்கிறார்கள்? கவனத்தில் இல்லாததைக் கை சுருக்கிவிடுகிறது. குழந்தை முகத்தில் கண் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். அதை மேலேற்றி வைத்தால் குழந்தைக்கு வயது கூடிவிடும்.

எங்கள் பகுதி நூலகக் கூடத்தில் ஞாயிறு காலை நடக்கும் வகுப்பில், மாஸ்டர் இதைப் படம் போட்டு விளக்கவில்லை. முடி உதிர்ந்த பெரியவர் ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்தார்; உச்சி தெளிவாகத் தெரியும். பென்சிலைச் செங்குத்தாக நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நுனியை உச்சிக்கு நேராக வைத்து, கட்டைவிரல் நகத்தை அவர் கண் வரை இறக்க வேண்டும். அதே அளவைக் கண்ணிலிருந்து இறக்கினால் முகவாயில் வந்து உட்காரும். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும். "கையை நல்லா நீட்டுங்க அக்கா, இன்னும்" என்றபடியே வரிசையாக வந்தார். இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு கண் அகலம், காதின் மேல்விளிம்பு புருவத்துக்கு நேர் என்று மற்ற அளவுகளும் அன்றே வந்தன. எதிரே இருப்பவர் இந்தக் கணக்கிலிருந்து எங்கே விலகுகிறாரோ, ஜாடை அங்கேதான் பிடிபடுகிறது.

அடுத்து உட்கார்ந்தவர் தையல்கடை வைத்திருக்கும் அக்கா. நல்ல கறுப்பு. கூடத்தில் பெரும்பாலான தாள்களில் அவர் வெளுத்துப்போயிருந்தார். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. வெள்ளைத் தாள், எச்பி பென்சில், அழுத்தித் தேய்த்தால் அவர் மனம் நோகுமோ என்ற தயக்கம். அந்தத் தயக்கத்தைத்தான் முதலில் விடவேண்டும் என்று நினைக்கிறேன். கறுப்பைக் குறைத்து வரைவது மரியாதை ஆகாது.

மாஸ்டர் பழுப்புத் தாளும் கரித்துண்டும் வெள்ளைச் சாக்பீஸும் கொடுத்தார். தாளின் நிறமே நடுநிறம். நிழலுக்குக் கரி, வெளிச்சத்துக்குச் சாக்பீஸ். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நுணுக்கங்கள் மங்கி, முகம் சில பெரிய திட்டுகளாகப் பிரிகிறது. அக்காவின் கன்னமேட்டில், மூக்குத்தண்டில், கீழுதட்டில் ஜன்னல் வெளிச்சம் பளிச்சென்று நின்றது. வெளுத்த தோலில் அந்த ஒளி இவ்வளவு கூர்மையாக நிற்காது.

2021-இல் கரோனாவில் நாம் இழந்த ஓவியர் இளையராஜா இதை முழுதாக அறிந்தவர். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அவர், வாசலோரத்து வெளிச்சத்தில் நிறுத்திய பெண்களின் முகத்தில் நிழல்தான் அழகைத் தாங்குகிறது. சிவந்த முகங்களையே அட்டைப்படமாகப் பார்த்து வளர்ந்த நமக்கு, அந்த ஓவியங்கள் செய்த நன்மை பெரிது.

அக்கா எல்லாருடைய தாளையும் சுற்றிப் பார்த்தார். கரி அழுத்தமாக ஏறியிருந்த ஒன்றின் முன் நின்று, "இதுல எங்கம்மா ஜாடை இருக்கு சார்" என்றார்.

வீட்டில் பழகுகிறவர்கள் செல்போன் படத்தை வைத்து வரையாதீர்கள். கிட்டத்தில் எடுத்த படத்தில் மூக்கு பெருத்துக் காது ஒடுங்கிவிடும். வீட்டு மனிதரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்து, டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். முதலில் நிழலை மட்டும் கரியால் நிரப்புங்கள். கண்ணும் உதடும் அடுத்த வாரம்.

(தொடரும்)