பசியாறல்: அன்றும் இன்றும்

ஒரு நாளின் முதல் உணவைத் தமிழகத்தில் காலை உணவு என்றும் சிற்றுண்டி என்றும் கூறுவர். மலேசியத் தமிழராகிய நாமோ அதனைப் 'பசியாறல்' என்கிறோம். காலையில் ஒருவரையொருவர் காணும்போது, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பது நம் வழக்கம். இரவு முழுவதும் வெறுமையாய் இருந்த வயிற்றின் பசியைத் தணிப்பதே அவ்வுணவின் பயன் என்பதை அச்சொல்லே உணர்த்துகிறது.

நம் பாட்டன் பாட்டியர் காலத்து இரப்பர் தோட்டங்களைச் சற்று நினைத்துப் பார்ப்போம். அதிகாலைக் குளிர்ச்சியில் மரத்தின் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்பொழுது வெட்டினால் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். ஆகவே தொழிலாளர்கள் விடியும் முன்னரே எழுந்து, பிரட்டுக்குச் சென்று, பின் மரம் வெட்டப் புறப்பட்டனர். தாய்மாரும் உடன் சென்றனர். காலையில் அடுப்பு மூட்டிச் சமைக்க அவர்களுக்கு நேரம் ஏது?

அதற்கு அவர்கள் கண்ட வழி, காலை உணவை முதல் நாள் இரவே ஆயத்தம் செய்வதாகும். இரவில் மீந்த சோற்றில் நீர் ஊற்றி வைத்தனர். விடியலில் அது பழைய சோறாயிற்று. சிறிது உப்பு, வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு துண்டுக் கருவாடு, அவ்வளவுதான். தூக்குச்சட்டியில் கொண்டு சென்று, இடைவேளையில் மரத்தடியில் அமர்ந்து உண்டோரும் உண்டு. இட்லி, தோசைக்குரிய மாவும் இரவிலேயே புளித்து ஆயத்தமாகும். இப்புளிப்பு நன்மை தரும் நுண்ணுயிர்களின் வேலையே. அதனால் உணவு எளிதில் செரிக்கிறது. அரிசியில் குறைவாயுள்ள புரதக் கூறு ஒன்றை உளுந்து நிறைவு செய்கிறது.

கடல் கடந்த கொரிய நாட்டிலும் இதனையொத்த நிலையைக் காண்கிறோம். "சோறு சாப்பிட்டாயா?" என்று கேட்டு நலம் விசாரிப்பது அம்மக்களின் வழக்கம். காலையிலும் சோறு, சூப்பு, புளிக்கவைத்த காய்கறியாகிய கிம்ச்சி ஆகியவற்றை உண்பதே அவர்களின் பழைய மரபு. கிம்ச்சியும் முன்கூட்டியே செய்து வைக்கப்படும் உணவாகும். இன்று நகரங்களில் பலர் ரொட்டியும் காப்பியும் அருந்துகின்றனர். ஒன்றும் உண்ணாமல் செல்வோரும் உளர். அதனால் 2017 முதல், பல்கலைக்கழக மாணவர்கள் 1,000 வோன் மட்டும் செலுத்திக் காலை உணவு பெறும் திட்டத்திற்கு அந்நாட்டு அரசு உதவி வருகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். பாகான் டாலாம் துறைமுகத்தை அடுத்த ஊர். பெற்றோருள் சிலர் இரவு வேலை முடிந்து விடியலில் வீடு திரும்புகின்றனர். சிலர் விடியலில் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுகின்றனர். ரொட்டி சானாயும் நாசி லெமாக்கும் மைலோவும் கடையில் எளிதாகக் கிடைக்கின்றன. இவற்றை எப்பொழுதாவது சுவைப்பதில் குற்றமில்லை. ஆயினும் மைதா மாவும் எண்ணெயும் சீனியும் நாள்தோறும் காலை உணவாவது நன்றன்று. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு நோய் இருந்தது.

அதனினும் வருந்தத்தக்கது ஒன்றும் உண்ணாமல் வருவதே. மாணவர் இரவு எட்டு மணிக்கு உண்டு, மறுநாள் பத்து மணி ஓய்வு வேளைவரை ஒன்றும் உண்ணாதிருந்தால் பதினான்கு மணி நேரம் பட்டினியாகிறது. உடலின் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளை பயன்படுத்துகிறது. வளரும் பிள்ளைகளுக்கு அது இன்னும் மிகுதி. பசித்த பிள்ளை கணக்கில் தவறுவதைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்வது முறையாகுமா?

அரசுகளும் இதனை உணர்ந்துள்ளன. நம் நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் வசதி குறைந்த மாணவர்களுக்கான துணை உணவுத் திட்டம் பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. தகுதியுள்ள பெற்றோர் இத்தகைய உதவியைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை. பிள்ளையின் பசி எவருக்கும் இழிவன்று.

"காலையில் நேரமில்லையே" என்று கூறும் பெற்றோர்க்கு, நம் முன்னோர்க்கும் நேரமில்லை என்பதை நினைவூட்டுகிறோம். இரவில் பத்து நிமிடம் போதும். மாவைக் கரைத்து வைக்கலாம். பச்சைப் பயற்றை ஊறவைக்கலாம். முட்டையை அவித்துக் குளிர்பெட்டியில் வைக்கலாம். பழைய சோறு வேண்டுவோர், சோறு ஆறியவுடன் காலந்தாழ்த்தாது தூய நீர் ஊற்றி மூடிவைத்துக் காலையிலேயே உண்டுவிட வேண்டும். ஒரு வாழைப்பழமும் சீனி குறைந்த பாலும் சேர்ந்தால் இன்னும் நலம்.

இவ்வேலையைத் தாய் ஒருவர் மீதே சுமத்துவதும் தகாது. தந்தை மாவைக் கரைக்கட்டும். மாணவர்களே, பயற்றைக் கழுவி ஊறவைப்பதும், உண்ட தட்டைக் கழுவி வைப்பதும் உங்களால் இயலும். நாளைக் காலையில் ஆசிரியர் "பசியாறியாயிற்றா?" என்று கேட்கும்போது நீங்கள் தரும் மறுமொழி, இன்று இரவே உங்கள் வீட்டு அடுக்களையில் ஆயத்தமாகட்டும்.