உங்களுக்குத் தெரியுமா? பட்டு வணிகர் போட்ட சமையல் புத்தகம்

இத்தாலிய வீடுகளில் இன்றும் புரட்டப்படும் சமையல் நூலை எழுதிய பெல்லெக்ரினோ அர்த்தூசி சமையல்காரர் அல்ல, பட்டு வணிகர். பதிப்பாளர்கள் கைவிரிக்க, 1891இல் சொந்தக் காசைப் போட்டு ஃப்ளாரன்ஸில் 1,000 பிரதிகள் அச்சிட்டார். வாசகர்கள் தங்கள் வீட்டுப் பக்குவங்களைக் கடிதத்தில் எழுதி அனுப்ப அனுப்ப, 475 ஆக இருந்த குறிப்புகள் 790 ஆயின.

அடுப்படியில் நின்று அவற்றைச் செய்து பார்த்தவர்கள் அவர் வீட்டுப் பணியாளர்களான மரியெத்தா சபாதினியும் பிரான்செஸ்கோ ருஃபில்லியும். 'பானெத்தோனே மரியெத்தா' என்ற கேக்குக்கு அவள் பெயரையே வைத்தார். 1911இல் இறக்கும்போது நூலின் உரிமையையும் இருவருக்கே எழுதிவைத்திருந்தார். அன்றைய முதலாளிகளில் இது அபூர்வம்தான்! அர்த்தூசி பிறந்த ஃபோர்லிம்போபோலியில் வீட்டுச் சமையல்காரர்களுக்குத் தரப்படும் விருதின் பெயர்: மரியெத்தா.