வங்காலைக் கரையில் ஒரு காலை

கடலும் நிலமும் பிரிய மனமில்லாதன போற் கலந்து கிடக்கும் இடங்களுள் ஒன்று, மன்னார் மாவட்டத்து வங்காலை. சென்ற தை மாதத்தில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நாம் அங்குச் சென்றோம்.

வங்காலை மீனவர் வாழும் ஊர். அதனை அடுத்துள்ள சேற்றுத் தரைகள், உவர்ச் சதுப்புகள், கண்டற் காடுகள், ஆழங்குறைந்த கடல் எல்லாம் சேர்ந்த 4,839 ஹெக்டேர் பரப்பு 2008 இல் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010 இல் றம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் அது ஏற்கப்பெற்றது.

நாம் சென்ற வேளையில் வள்ளங்கள் கரை சேர்ந்துகொண்டிருந்தன. சற்றுத் தொலைவில், முழங்காலளவு நீரில், பூநாரைகள் நிரைநிரையாக நின்றன. அவை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சீப்புப் போன்ற அதன் விளிம்பினால் நுண்ணிய பாசிகளையும் சிற்றிறால்களையும் வடித்து உண்கின்றன. அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே இறகுக்குச் செம்மை தருகின்றது. அருகே வட ஆசியாவிலிருந்து வந்த ஊசிவால் வாத்துகள் மிதந்தன.

பறப்பதைப் பார்க்கும் ஆவலினால் மாணவன் ஒருவன் உரக்கக் கைதட்டினான். கூட்டம் முழுவதும் எழுந்தது. வானமே சிவந்தது போலாயிற்று. மாணவர் ஆரவாரித்தனர். நாமும் அக்காட்சியில் மயங்கி, அவனைக் கண்டிக்க மறந்தோம். வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரே நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, சாப்பிட்டுக்கொண்டிருக்கிற விருந்தாளியைப் பந்தியிலிருந்து எழுப்புவீரோ?”

மாணவன் தலைகுனிந்தான், அவனினும் நாமே நாணினோம்.

“இப்பறவைகள் உங்கள் மீனை உண்டுவிடாவோ?” என்று மற்றொருவன் வினவினான். முதியவர் சிரித்தார். “இந்தச் சேறு இருந்தால் அவைக்கும் சோறு, எங்களுக்கும் சோறு” என்றார்.

எத்துணை உண்மை! இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் வளரும் தொட்டில் இவ்வாழமற்ற நீரே. இதனைத் தூர்த்தாலும், குப்பை கொட்டிக் கெடுத்தாலும், பறவையின் வயிற்றோடு மீனவன் வயிறும் காயும்.

நண்பகலில் அம்முதியவர் இல்லத்திலேயே குத்தரிசிச் சோறும், நண்டுக் குழம்பும், இறாற் பொரியலும் உண்டோம். கைதட்டிய மாணவனுக்கு அவரே இருமுறை பரிமாறினார். வழியில் உணவு சுற்றிய தாள்களையும் பைகளையும், யாரும் சொல்லாமலே, அவன் பொறுக்கிச் சேர்த்துத் திரும்பக் கொணர்ந்தான்.

வங்காலைக்குச் செல்ல விழைவோர் கார்த்திகை தொடக்கம் மாசி வரையுள்ள காலத்திற் செல்வாராக. பந்தி நடக்கும் வீட்டினுட் புகுவார் போல, மெல்லச் செல்வாராக.