தோளில் ஒரு துண்டு

கொடியில் கிடக்கும் துண்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறதென்று வாசக நேயர்கள் நகைக்கக்கூடும். ஆனால் நம் இல்லங்களில் அதைப் போல் ஓயாது உழைக்கும் பொருள் வேறொன்று உண்டோ?

ஸ்நானம் செய்தால் தலை துவட்ட அது. உண்டெழுந்தால் கை துடைக்க அது. வெயிலில் நடப்போனுக்கு முண்டாசு. சுமை தூக்குவோனுக்குச் சும்மாடு. ஜுரம் கண்ட குழந்தையின் நெற்றிக்கு ஈரத்துணி. திண்ணையில் சாய்ந்தவனுக்குத் தலையணை. கிழிந்த பின்னும் அதற்கு ஓய்வில்லை. அடுப்பங்கரையில் கரித்துணியாகப் பணிபுரிந்த பிறகே மண்ணிற் சேருகிறது.

துண்டுகளுள் நம் சீதோஷ்ணத்துக்கு ஏற்றது ஈரிழைத் துண்டு. புதுத் துண்டு நீரை ஏற்கவில்லையென்று சிலர் குறை கூறுவர். நெய்யும்போது அறுந்து போகாதிருக்கப் பாவு நூலுக்கு இட்ட கஞ்சியே அதற்குக் காரணம். ஓரிரவு நீரில் ஊறவைத்து, நாலைந்து முறை அலசினால் குறை தீரும். மெல்லிய நெசவாதலால் சீக்கிரம் உலரும். கனத்த பூந்துவாலையோ, மழைக்காலத்தில் ஈரத்தைச் சுமந்து நாற்றமெடுக்கும்.

துண்டு செய்யும் உபகாரம் இருக்கட்டும். நாம் அதனால் தேடிக்கொள்ளும் தீமையும் ஒன்றுண்டு. ஒரு வருஷம் நம் வகுப்பில் உடன்பிறந்தோர் மூவர் அடுத்தடுத்துக் கண்வலியால் பள்ளிக்கு வரவில்லை. விசாரித்ததில், வீட்டில் ஐவருக்கும் முகம் துடைக்க ஒரே துண்டு என்று தெரிந்தது! கண்ணீரிலும் பீளையிலும் உள்ள நோய்க்கிருமி துணியில் ஒட்டி, அடுத்தவர் கண்ணுக்குச் சென்றுவிடுகிறது. சேற்றுப்புண்ணும் படையும் இவ்வாறே பரவும். ஆளுக்கொரு துண்டு, நோயுற்றவர் துண்டைக் கொதிநீரில் இட்டுத் துவைத்தல், நல்ல வெயிலில் உலர்த்தல், இம்மூன்றும் போதும்.

ஆளுக்கொரு துண்டு என்றோம். அவ்வீட்டில் துவைக்கும் வேலைக்காரி அம்மாளும் ஓர் ஆள்தானே? வீட்டார் அனைவர் துண்டையும் வெளுத்துக் கொடுப்பவளுக்குக் கை துடைக்கக் கிழிசலை எறிவது எந்த நியாயம்? எளிய ஜாதியாரென்று ஒதுக்கப்பட்டவர்கள், பெரிய மனிதரைக் கண்டதும் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்க வேண்டுமென்ற கொடுமை நம் கிராமங்களில் இருந்ததை மறந்துவிடலாகாது. 1921 செப்டம்பர் 22-ல் மதுரையில் மகாத்மா முழு உடை துறந்து அரையாடை உடுத்தது, ஏழைக்கும் தமக்கும் இடையே துணியிலும் வேற்றுமை கூடாதென்றே.

1985-ல் இயற்றிய சட்டத்தின்படி கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட வகைகளுள் துண்டும் ஒன்று. ஆயினும் விசைத்தறித் துணி கைத்தறி வேஷம் போட்டு வருவதுண்டு. வாங்குமுன் 2006-ல் ஏற்பட்ட கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

வரும் பண்டிகைக்குத் துணி எடுக்கையில், வீட்டிலுள்ளோர் தலையை எண்ணித் துண்டு வாங்குங்கள். எண்ணும்போது கொல்லைப்புறக் கிணற்றடியில் நிற்பவளையும் சேர்த்தே எண்ணுங்கள்.